வன்னி வயலும் வனத்து யானையும்



வன்னி நாட்டைப் பற்றிப் பேசப் புகுவோர் அதன் குளங்களின் பெருமையைப் பேசுவர். பண்டாரவன்னியனின் வீரத்தைப் பேசுவர். வற்றாப்பளைக் கண்ணகை அம்மன் பொங்கலின் சிறப்பைப் பேசுவர். இவையெல்லாம் பேசத்தக்கனவே. ஆயினும், இன்று யான் எடுத்துக்கொண்ட பொருள் வேறு. கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா ஆகிய மாவட்டங்களின் காட்டோரக் கிராமங்களில், பயிர் விளையுங் காலத்து இரவுகள்தோறும் ஒரு வழக்கு நடைபெறுகின்றது. வழக்காளி கமக்காரன், எதிராளி காட்டு யானை. வழக்கிடைப் பொருள் நிலம். நீதிபதியில்லாத இவ்வழக்கு எவ்வாறு தொடங்கிற்று, எவ்வாறு தீர்த்தல் கூடும் என்பதைச் சிறிது ஆராய்வோம்.

யானை வன்னிக்கு நேற்று வந்த விருந்தாளி அன்று. வன்னியிலிருந்து யாழ்ப்பாணத்துக்கு யானைகளைக் கடனீரேரி வழியே நடத்திச் சென்ற துறையே ஆனையிறவு எனப் பெயர் பெற்றது. வன்னிச் சிற்றரசர்கள் பறங்கியர்க்கும் ஒல்லாந்தர்க்கும் செலுத்திய திறை பொன்னாக மட்டும் இருந்ததில்லை, யானையாகவே இருந்தது. காட்டில் யானையைத் தடம் பற்றிச் சென்று, காலிற் கயிறிட்டுப் பிணிக்கும் ஆற்றல் படைத்த பணிக்கர்களின் திறமையைப் பத்தொன்பதாம் நூற்றாண்டில் இந்நாட்டை எழுதிய ஐரோப்பியரும் வியந்து கூறியுள்ளனர். மதங்கொண்ட வேழத்தை அடக்கிக் கட்டிய அரியாத்தை என்னும் வீரப்பெண்ணின் கதை வன்னி மக்களிடையே இன்றும் வழங்குகின்றது. அச்சமும் மதிப்பும் கலந்த உறவு அது. குளக்கட்டிலே ஆனைமுகனை வைத்து வணங்கிய கைதான், இரவில் பரணிலிருந்து தீப்பந்தம் வீசி யானையைத் துரத்திற்று. இரண்டுக்கும் இடையில் முரண்பாடு இருப்பதாக நம் முன்னோர் கருதினாரல்லர்.

அவ்வாறு அவர்கள் கருதாமைக்குக் காரணம் உண்டு. வன்னியின் பழைய கிராம அமைப்பை நோக்குங்கள். நடுவே ஒரு குளம், குளத்தின் கீழே வயல், வயலையொட்டி வீடுகள், சுற்றிலும் பாலையும் முதிரையும் வீரையும் அடர்ந்த காடு. ஐப்பசியிற் பெருமழை தொடங்கக் காலபோகம் விதைப்பர். தை, மாசியில் அருவி வெட்டுவர். அறுவடை முடிந்தபின் வயல் வேலி திறந்துவிடப்படும். பகலில் ஊர் மாடுகள் அரிதாளை மேயும். இரவில் காட்டு விலங்குகள் மேயும். கோடையிற் குளம் வற்ற வற்ற, அலைகரையிற் பசும்புல் தழைக்கும். அது யானைக் கூட்டங்களுக்கு வறட்சிக்கால உணவு. காட்டில் வெட்டிய சேனையும் ஓரிரண்டு போகத்தின் பின் கைவிடப்பட்டுப் பற்றைக்காடாகும். முதிர்ந்த பெருங்காட்டிலும் பார்க்க இத்தகைய இளங்காட்டிலேயே யானைக்கு உணவு மிகுதி. ஆகவே ஒரே நிலத்தை மனிதனும் யானையும் வெவ்வேறு காலத்திற் பயன்படுத்தினர். பயிர் நிற்கும் நான்கு மாதம் ஊருக்கு. எஞ்சிய மாதங்கள் யாவர்க்கும் பொது. எழுதப்படாத இந்த உடன்படிக்கையே நெடுங்காலம் நின்று நிலவியது.

இருபதாம் நூற்றாண்டில் இவ்வுடன்படிக்கை இருமுறை குலைந்தது. முதலாவது, குடியேற்றத் திட்டங்களால். கனகராயன் ஆற்றை மறித்து இரணைமடுக் குளம் கட்டப்பட்டது; வவுனிக்குளம், முத்தையன்கட்டு முதலிய பழங்குளங்கள் திருத்தப்பட்டன. யாழ்ப்பாணத்தின் நிலமில்லா மக்களுக்கு வாழ்வளித்த நற்பணி அது. அதைக் குறை கூறுவார் எவருமிலர். ஆயினும், கால்வாய் நீண்ட இடமெல்லாம் காடு சுருங்கிற்று. இருபோகமும் விளைந்த இடத்தில் பொதுக்காலம் என்பது இல்லாதொழிந்தது.

இரண்டாவது, போரினால். 1983 தொடக்கம் 2009 வரை நிகழ்ந்த கொடும்போரில் வன்னி மக்கள் ஊர் ஊராக இடம்பெயர்ந்தனர். 2009 ஆம் ஆண்டின் தொடக்கத்தில் பெருநிலப்பரப்பே ஆளின்றி வெறிச்சோடியது. வரம்பு அழிந்தது, குளக்கட்டு உடைந்தது, வயலில் பற்றை மண்டியது. மனிதன் அஞ்சி நீங்கிய இடத்தில் விலங்கு அஞ்சாது புகுந்தது. யானைக்கன்று ஒன்று அக்காலத்தில் அங்கே பிறந்திருப்பின், அது தன் தாயுடன் திரிந்து, மேய்ந்து, நீர் குடித்து வளர்ந்த தாயகம் அந்த நிலம். பின்னர் மீள்குடியேற்றம் நடைபெற்றது. உரிமையாளன் உறுதியைக் கையிலேந்தித் தன் காணிக்குத் திரும்பினான். அவனுடைய உரிமை தாளில் எழுதப்பட்டிருந்தது. யானையின் உரிமையோ அதன் காலடித் தடத்தில் எழுதப்பட்டிருந்தது. ஒட்டுசுட்டான், துணுக்காய், மாந்தை கிழக்கு முதலிய பகுதிகளில் இன்று கேட்கும் கூக்குரலின் பின்னணி இதுவே.

இது வன்னிக்கு மட்டும் உரிய துன்பமன்று. 2011 ஆம் ஆண்டில் எடுத்த கணக்கின்படி இலங்கையில் 5,879 காட்டு யானைகள் இருந்தன. பின்னர் நடைபெற்ற ஓர் ஆய்வு, இத்தீவின் நிலப்பரப்பில் ஏறத்தாழ 60 வீதத்தில் யானை நடமாடுகின்றது என்றும், அவ்வாறு அது நடமாடும் நிலத்தில் ஏறத்தாழ 70 வீதத்தில் மக்களும் குடியிருக்கின்றனர் என்றும் காட்டிற்று. யானையெல்லாம் சரணாலயத்தில் வாழ்கின்றது, வழி தவறியே ஊருக்குள் வருகின்றது என்று பட்டணத்தில் இருப்போர் எண்ணுகின்றனர். உண்மை அதுவன்று. யானையும் மனிதனும் ஒரே முற்றத்திற் குடியிருக்கின்றனர். அதன் விளைவாக, 2019 ஆம் ஆண்டில் மட்டும் 400 இற்கு மேற்பட்ட யானைகளும் 100 இற்கு மேற்பட்ட மனிதரும் மாண்டனர். அதன் பின்வந்த ஆண்டுகளும் ஆறுதல் தருவனவாக இல்லை.

எண்களைக் கூறுவது எளிது. அவற்றின் பின்னுள்ள வாழ்வை எண்ணிப் பார்ப்பது அரிது. பிசிராந்தையார் என்னும் புலவர், பாண்டியன் அறிவுடை நம்பிக்கு வரி வாங்கும் முறையை அறிவுறுத்த வந்தவிடத்து, யானையையே எடுத்துக்காட்டாகக் கொண்டார். அறுத்துக் கவளமாக்கிக் கொடுத்தால் சிறுநிலத்து நெல்லும் யானைக்குப் பல நாள் உணவாகும்; யானை தானே வயலிற் புகுந்தாலோ, வாயிற் புகுவதினும் காலால் அழிவது பெரிதாகும் என்பது அவர் கருத்து. புறநானூற்றுக் காலத்துப் புலவர் கண்ட காட்சியை வன்னிக் கமக்காரன் இன்றும் விடியற்காலையிற் காண்கின்றான். கடன்பட்டு உழுது, உரமிட்டு, நான்கு மாதம் பாடுபட்டு வளர்த்த நெல் ஓர் இரவிற் சேறாகிக் கிடக்கின்றது. தென்னம்பிள்ளை ஐந்தாறு ஆண்டு வளர்த்தது, குருத்தோடு போயிற்று. யானை வரும் பின்னே, மணியோசை வரும் முன்னே என்பது கோயில் யானைக்குப் பொருந்தும் பழமொழி. காட்டு யானைக்கு மணியில்லை.

இதிலும் கொடியது ஒன்றுண்டு. போரிலே கணவனை இழந்து, குடும்பத்தைத் தனியே தாங்கும் பெண்கள் வன்னியிற் பலர். பகலெல்லாம் கூலிவேலை செய்து, இரவில் குழந்தைகளைத் தனியே விட்டுக் காவற்கொட்டிலுக்குப் போவதெப்படி? போகாவிட்டால் பயிர் போகும். போனால் உயிர் போகவுங் கூடும். இத்தகையோரிடம் சென்று, யானை நாட்டின் செல்வம், அதைப் பேணுங்கள் என்று வாயாற் சொல்வது தகாது. பயிரைக் காக்கும் வழியைக் காட்டிய பின்னரே யானையைக் காக்கும்படி கேட்கும் தகுதி நமக்கு உண்டாகும்.

வழியைக் காண்பதற்கு முன், யானையின் இயல்பை அறிதல் வேண்டும். வளர்ந்த யானை நாளொன்றுக்கு ஏறத்தாழ 150 கிலோ உணவு கொள்ளும். பெண் யானைகளும் கன்றுகளும் கூட்டமாக வாழும். மனிதரைக் கண்டால் பெரும்பாலும் விலகும். ஆண் யானை பருவமடைந்ததும் கூட்டத்தை விட்டுப் பிரிந்து தனியே திரியும். இத்தீவின் ஆண் யானைகளிலே கொம்பன் மிகச் சில. பெரும்பாலானவை கொம்பில்லா அலியன்களே. இரவில் வயலிற் புகும் யானை பெரும்பாலும் இத்தகைய தனி ஆணே. ஒவ்வொரு யானைக்கும் அது பழகிய நிலப்பரப்பு உண்டு; அதை விட்டு அது எளிதில் நீங்காது. இவ்வியல்புகளை மறந்து செய்யும் முயற்சி எதுவும் பயன் தராது.

பயன் தராத முயற்சிகளை முதலிற் கூறுவேன். வெடி கொளுத்துதல், தகரம் அடித்தல், விளக்குப் பாய்ச்சுதல் ஆகியன அவசரத்துக்கு உதவும். ஆனால், வெடியோசை வெறும் ஓசையே என்பதை யானை விரைவில் அறிந்துகொள்கின்றது. பின்னர் மனிதன் இன்னும் அருகிற் செல்கின்றான். யானை எதிர்த்து வருகின்றது. உயிரிழப்புகள் பல இவ்வாறே நேர்கின்றன.

குழப்பஞ் செய்யும் யானையைப் பிடித்துத் தொலைவிலுள்ள வனத்தில் விடுங்கள் என்பது ஊரார் வேண்டுகோள். இதனையும் ஆராய்ந்து பார்த்தனர். இலங்கையில் இவ்வாறு கொண்டுபோய் விடப்பட்ட 12 ஆண் யானைகளின் கழுத்திற் கருவி பூட்டி, அவை செல்லும் வழியைக் கண்காணித்தனர். அதன் முடிவு 2012 இல் வெளியாயிற்று. சில யானைகள் பழைய இடத்துக்கே திரும்பி நடந்தன. சில புதிய ஊர்களினூடாக அலைந்து திரிந்தன. சில விட்ட இடத்துக்கு அண்மையிலே தங்கின. மொத்தத்தில் துன்பம் குறையவில்லை; வேறோர் ஊருக்குப் பரவிற்று. கூட்டமாக யானைகளைத் துரத்திச் சரணாலயத்துள் அடைப்பதும் இத்தகையதே. ஓடுவன தாயும் கன்றும். மறைந்து நிற்பது பயிர் தின்னும் ஆண். அடைபட்ட கூட்டமோ உணவின்றி வாடுகின்றது.

இனி, கொல்லும் வழிகள். துப்பாக்கி ஒன்று. பூசணியிலும் வேறு உணவிலும் மறைத்து வைக்கும் வாய்வெடி மற்றொன்று. அதைக் கடித்த யானை தாடை சிதறி, உண்ணவும் குடிக்கவும் இயலாது பல நாள் வதைபட்டுச் சாகும். மூன்றாவது, வீட்டு மின்சாரத்தைக் கம்பியிற் பாய்ச்சி வயலைச் சுற்றி இழுத்தல். 1937 ஆம் ஆண்டின் விலங்கு, தாவரப் பாதுகாப்புச் சட்டம் யானையைக் கொல்வதைக் குற்றமாக்கியுள்ளது என்பதை மட்டும் யான் சொல்ல வரவில்லை. அந்தக் கம்பிக்கு யானை எது, அயல்வீட்டுப் பிள்ளை எது என்பது தெரியாது. விடியலில் மாடு தேடிச் சென்றவர் அதில் மாண்ட செய்திகளை நாம் கேட்டிருக்கின்றோம். ஆதலின், நேயர்களே, எத்துணைத் துன்பம் நேரினும் இவ்வழியை நாட வேண்டாம்.

அங்ஙனமாயின் ஆகும் வழி யாது? மின்வேலியே. ஆனால் அதைக் கட்டும் இடமும் காக்கும் கையும் சரியாக அமைதல் வேண்டும்.

முறையான மின்வேலி வீட்டு மின்சாரத்தில் இயங்குவதன்று. சூரிய ஒளியால் நிறையும் பற்றறியிலிருந்து ஒரு கருவி, ஏறக்குறைய நொடிக்கொரு முறை, கணப்பொழுது நீடிக்கும் மின்துடிப்பைக் கம்பியிற் செலுத்தும். அழுத்தம் ஆயிரக்கணக்கான வோல்ற்று. ஆயினும் கால அளவு மிகச் சிறிது. தொட்டவுடன் சுளீரென அடிக்கும், உயிரைப் போக்காது. அது யானையைத் தடுக்கும் சுவரன்று. இங்கே வராதே என்று கற்பிக்கும் ஆசான். புல்லும் கொடியும் கம்பியிற் படர்ந்தால் மின் மண்ணில் வடிந்துபோகும். வலுவிழந்த வேலியை யானை ஒருமுறை சோதித்து அறிந்துகொண்டால், பின்னர் கட்டையை உதைத்தோ மரத்தைச் சாய்த்தோ உட்புகக் கற்றுக்கொள்ளும்.

இலங்கையில் 4,000 கிலோமீற்றருக்கு மேற்பட்ட மின்வேலி இழுக்கப்பட்டுள்ளது. இருந்தும் துன்பம் குறையாமைக்கு என்ன காரணம்? பெரும்பகுதி வேலி காட்டின் எல்லையிலே, அதிலும் வனசீவராசிகள் திணைக்களத்தின் நிலத்துக்கும் வனத் திணைக்களத்தின் நிலத்துக்கும் இடையிலே கட்டப்பட்டமையே. இரு திணைக்களத்தின் எல்லை மனிதன் வரைபடத்தில் இட்ட கோடு. யானைக்கோ அது ஒரே காடு. வேலியின் இருபுறமும் யானை நிற்க, வேலி யாரைத் தடுக்கும்? மேலும், ஆளரவமற்ற காட்டினுள்ளே செல்லும் கம்பியை நாள்தோறும் பார்ப்பவர் எவர்?

இதற்கு மாறாக, வேலியை ஊரைச் சுற்றிக் கட்டுக என்பது புதிய முறை. வடமேற்கே குருநாகல் மாவட்டத்தில் இது செய்து பார்க்கப்பட்டுள்ளது. வீடும் தோட்டமும் அடங்கக் கட்டுவது நிலையான ஊர்வேலி. வயலைச் சுற்றிக் கட்டுவது பருவவேலி. விதைப்போடு இதைக் கட்டி, அருவி வெட்டு முடிந்ததும் கழற்றி, கம்பியையும் கருவியையும் பத்திரமாக வைத்துவிடுவர். வெட்டிய வயலில் யானை வந்து அரிதாளை மேயும். அதனால் நட்டம் ஒருவர்க்கும் இல்லை. நேயர்களே, நம் முன்னோரின் பழைய உடன்படிக்கை கம்பியிலும் கட்டையிலும் மீண்டும் எழுதப்படுவதை இங்கே காண்கின்றீர்கள்.

2020 ஆம் ஆண்டில் கலாநிதி பிரித்திவிராஜ் பெர்னாண்டோ தலைமையில் அரசு அமைத்த குழு வகுத்த தேசியச் செயற்றிட்டமும் ஊர்வேலியையும் வயல்வேலியையுமே முதன்மையாகக் கொண்டது. திட்டம் உண்டு, வேண்டுவது நிறைவேற்றம். அதற்கு அரசின் பொருள் மட்டும் போதாது. ஊரின் ஒற்றுமையும் வேண்டும். கமக்காரர் அமைப்பு ஒவ்வொன்றும் வேலியைப் பங்கிட்டு, இன்னார்க்கு இவ்வளவு நீளம் என்று வகுத்துக்கொள்ளலாம். காலையிலும் மாலையிலும் ஒருவர் நடந்து பார்த்துப் புல்லைச் செதுக்கலாம். குளத்து வாய்க்காலைத் துப்புரவாக்கும் பொதுவேலையைத் தலைமுறை தலைமுறையாகச் செய்துவந்த வன்னி மக்களுக்கு இது புதிய வித்தையன்று. ஆளில்லாத வீட்டாரின் பங்கை அயலார் ஏற்றல் வேண்டும்; தனித்து வாழும் பெண்ணின் வயலும் அதே வேலிக்குள் அடங்க வேண்டும். ஒருவர் தம் பங்கைக் கவனியாது விட்டால், யானை தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டதாக முடியும். அந்த மண் அயலான் தலையிலும் விழும்.

வேலிக்குத் துணையாக வேறு வழிகளும் உள. யானை தேனீயின் இரைச்சலை வெறுப்பது. கென்யா நாட்டில் தேன்கூடுகளைக் கயிற்றாற் பிணைத்து வேலியாக்கினர். வஸ்கமுவப் பக்கத்திலும் அது சோதிக்கப்பட்டது. நம் நாட்டுத் தேனீ ஆபிரிக்கத் தேனீயைப் போலச் சினமுடையதன்று. ஆதலின் இதை மட்டும் நம்பியிருத்தல் ஆகாது. ஆயினும் தேன் ஒரு வருவாயாகும். தோடை, எலுமிச்சை போன்றவற்றை யானை விரும்புவதில்லை. வளவின் ஓரத்தில் இவற்றையும், வாழையையும் கரும்பையும் வீட்டுக்கு அண்மையில் உள்ளேயும் நடலாம். நெல் மூட்டைகளைப் படுக்கையறையில் அடுக்கி வைத்தல் தவறு. நெல்லின் மணத்தை நுகர்ந்து வரும் யானை சுவரை இடிக்கும். சுவரின் அப்பால் உறங்குவது யார் என்பதை அது அறியாது.

குளத்தின் அலைகரையை உழுது பயிரிடாதிருத்தல் மற்றொன்று. வறட்சிக்காலப் புல்லை நாம் பறித்துக்கொண்டால், யானை நம் வாழையைத் தேடி வருவதில் வியப்பென்ன? அவ்வாறே, புகையிரதப் பாதையும் பெருந்தெருவும் யானையின் வழித்தடத்தைக் குறுக்கிடும் இடங்களில் வேகத்தைக் குறைத்தல் வேண்டும். 2016 ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதத்தில் செட்டிகுளத்தருகே தாய் யானையும் கன்றுகளும் புகையிரதத்தில் அடிபட்டு மாண்ட துயரம் வவுனியா மாவட்ட மக்களுக்கு மறந்திராது.

யானையை மட்டும் பேசியதனால், பன்றியும் குரங்கும் மயிலும் செய்யும் அழிவை யான் மறந்தேன் என்று எண்ணற்க. 2025 ஆம் ஆண்டு மார்ச் 15 ஆந் திகதி காலை 8 மணிக்கு, குரங்கு, மயில் முதலியவற்றைத் தம் வளவில் நின்று ஐந்து நிமிடம் எண்ணும்படி அரசு நாட்டு மக்கள் அனைவரையும் கேட்டது. அந்த அளவுக்கு அத்துன்பம் முற்றியுள்ளது. அதனை வேறொரு பேச்சிலே விரித்துரைத்தல் தகும். இங்கு சொல்லக் கூடியது ஒன்று: வேலியும், ஊர்க்கட்டுப்பாடும், குப்பையைத் திறந்த வெளியிற் கொட்டாமையும் இவற்றுக்கும் பொருந்தும்.

இறுதியாக ஒரு நியாயம். பெரஹராவில் யானை நடந்து வரக் கண்டு நாம் மகிழ்கின்றோம். யானையைக் காண வரும் வெளிநாட்டாரால் நாட்டுக்குப் பொருள் வருகின்றது. பெருமையும் வருவாயும் தீவு முழுவதுக்கும் உரியன. அதற்கான விலையைச் செலுத்துவதோ காட்டோரத்து ஏழைக் கமக்காரன் ஒருவனே. இது நீதியாகாது. உயிரிழப்புக்கும் வீட்டழிவுக்குமான இழப்பீடும், பயிரழிவுக்கான காப்புறுதியும் ஏழையின் கைக்கு அடுத்த விதைப்புக்கு முன் வந்து சேர வேண்டும். அறிவித்தல் எங்கே கொடுப்பது, எத்தனை நாளுக்குள் கொடுப்பது என்பதைக் கிராம அலுவலரும் கமநல சேவை நிலையத்தாரும் தமிழிலே, எளிய முறையிலே, வீடு வீடாக விளக்க வேண்டும். இது பிச்சையன்று, நாட்டுக்காக அவன் சுமக்கும் சுமைக்குக் கூலி.

வழக்கின் தீர்ப்பு இதுவே எனலாம்: பயிர் நிற்கும் நிலமும் மனிதன் உறங்கும் வீடும் ஊருக்குரியன, அவற்றை ஊர் கூடிக் காக்கட்டும். காடும் அலைகரையும் அறுத்த வயலும் யானைக்கும் உரியன. அவற்றை நாம் விட்டுக்கொடுப்போம். வேலியின் செலவையும் இழப்பின் சுமையையும் நாடு முழுவதும் ஏற்கட்டும். போரினால் ஒருமுறை வெறிச்சோடிய வயல்கள் யானைக்கு அஞ்சி மறுமுறை வெறிச்சோடலாகாது. அவ்வயல்களைக் காப்பதற்காக வன்னிக் காடு தன் வேழத்தை இழத்தலுமாகாது. வருகின்ற காலபோக விதைப்புக்கு முன், உங்கள் ஊர்க் கமக்காரர் அமைப்பின் கூட்டத்தில் இவ்விடயத்தை எடுத்துப் பேசுங்கள்.